ஜப்தி வீடு மலிவா கிடைக்குதா? புரோக்கர் சொல்லை நம்பி ரூ.10½ லட்சத்தைக் கோட்டை விட்ட அண்ணாச்சி!

பாங்கி ஏலத்தில் வீடு வாங்க நினைப்பவர்கள் நல்ல புரோக்கரை அடையாளம் காண்பது எப்படி? அவரோடு பழகுவது எப்படி?

"சார், பாங்கி ஏலத்துல ஒரு வீடு வருது. வெளியே அறுபதுக்குப் போற வீடு. நாற்பதுக்கு முடிச்சிடலாம். கண்ணை மூடிகினு எடுங்க."

சென்னை நகரில் டீக்கடை பெஞ்சிலும், மின்சார ரெயிலிலும், சப்-ரிஜிஸ்திரார் ஆபீசு வாசலிலும் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. சொல்பவர் புரோக்கர். கேட்பவர் வாடகை கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போன குடும்பஸ்தர்.

இந்தப் பேச்சை நம்பி வீடு வாங்கியவர்களும் இருக்கிறார்கள். வாழ்நாள் சேமிப்பை வாரிக் கொடுத்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது ஒரே ஆள்தான். அவர்தான் புரோக்கர்.

இது பற்றிய விவரம் வருமாறு:-

(இங்கே வரும் அண்ணாச்சியும் குமாஸ்தாவும் தனி மனிதர்கள் அல்ல. பலர் பட்ட பாட்டை இரண்டு ஆள் மேல் ஏற்றிச் சொல்கிறோம்.)

மளிகைக்கடை அண்ணாச்சி

அண்ணாச்சி மளிகைக்கடை வைத்திருக்கிறார். காலை 5 மணிக்குக் கடை திறந்தால் இரவு 11 மணிக்குத்தான் ஷட்டரை இறக்குவார். இருபது வருட உழைப்பில் ரூ.15 லட்சம் சேர்த்து வைத்திருந்தார். மகள் கல்யாணத்துக்கு முன்னால் சொந்த வீடு ஒன்று வேண்டும் என்பது வீட்டுக்கார அம்மாவின் ஆசை.

ஒருநாள் மாலை வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் கடைக்கு வந்தார். கையில் இரண்டு செல்போன். சட்டைப் பையில் பத்திரிகையில் வெட்டி எடுத்த ஏல விளம்பரம்.

"அண்ணாச்சி, பல்லாவரம் பக்கம் ரெண்டு பெட்ரூம் பிளாட்டு. ஏலத் தொடக்க விலை நாற்பது லட்சம். பாங்கி மேனேஜர் நமக்கு ரொம்ப வேண்டியவரு."

"மீதிப் பணத்துக்கு எங்க போவ தம்பி?"

"அட, அதே பாங்கியில லோன் குடுப்பாங்க. நான் ஆச்சு!"

அந்த "நான் ஆச்சு" என்ற இரண்டு வார்த்தைதான் அண்ணாச்சியைக் கவிழ்த்தது.

கணக்கு இதுதான்

ஏலத் தொடக்க விலை ரூ.40 லட்சம். ஏலத்தில் கலந்துகொள்ள முன்பணமாக 10 சதவீதம், அதாவது ரூ.4 லட்சம் கட்டினார் அண்ணாச்சி. ஏலத்தில் ரூ.42 லட்சத்துக்குக் கேட்டார். வீடு அவருக்கே விழுந்தது. கடைப் பையன்களுக்கு லட்டு வாங்கிக் கொடுத்தார்.

சட்டப்படி ஏலம் எடுத்தவர் மொத்த விலையில் 25 சதவீதத்தை அன்றே கட்ட வேண்டும். தவறினால் அடுத்த வேலை நாளுக்குள் கட்டியாக வேண்டும். ரூ.42 லட்சத்தில் 25 சதவீதம் ரூ.10½ லட்சம். முன்பணம் ரூ.4 லட்சம் போக, மீதி ரூ.6½ லட்சத்தை மறுநாள் காலையில் கட்டினார்.

பாக்கி ரூ.31½ லட்சம். ஏலத்தை உறுதி செய்த நாளில் இருந்து 15 நாளுக்குள் அதைக் கட்ட வேண்டும் என்பது விதி.

லோன் கேட்டு அண்ணாச்சி பாங்கிக்குப் போனார். "அந்த வீட்டில் பழைய சொந்தக்காரர் குடும்பம் இன்னும் இருக்கிறது. கடன் வசூல் தீர்ப்பாயத்தில் கேஸ் வேறு நடக்கிறது. இந்த நிலையில் லோன் தர முடியாது" என்று சொல்லிவிட்டார்கள். வேறு இரண்டு பாங்கி ஏறி இறங்கினார். அங்கும் இதே பதில்தான்.

"கெடுவை நீட்டித் தரச் சொல்லு தம்பி" என்று புரோக்கரிடம் கெஞ்சினார்.

"சொல்லிட்டேன் அண்ணாச்சி. ஒண்ணும் கவலைப்படாதீங்க."

சொன்னாரோ, சொல்லவில்லையோ, கடிதம் எதுவும் இல்லை. கெடு முடிந்தது. ஏலம் ரத்தாகி, கட்டிய ரூ.10½ லட்சமும் பறிபோனது. அன்று முதல் அந்த இரண்டு செல்போனும் "ஸ்விட்ச் ஆப்"!

சுப்ரீம் கோர்ட்டு சொன்னது என்ன?

"கோர்ட்டுக்குப் போனால் பாதியாவது வாங்கலாமே" என்று நினைக்கத் தோன்றும். அந்தக் கதவும் குறுகிவிட்டது.

தமிழ்நாட்டில் இருந்து போன ஒரு வழக்கில் 2024-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. மீதிப் பணத்தைக் கட்டத் தவறியவரின் 25 சதவீதத் தொகை முழுவதையும் பாங்கி எடுத்துக்கொண்டது சரிதான் என்பது தீர்ப்பு. "பணம் புரளவில்லை" என்பது மட்டும் போதுமான காரணம் ஆகாது. அதற்கு முன்பு சென்னை ஐகோர்ட்டு காட்டியிருந்த சலுகையையும் சுப்ரீம் கோர்ட்டு நீக்கிவிட்டது.

கெடுவை நீட்டவே முடியாதா? முடியும். இரண்டு தரப்பும் எழுத்து மூலம் ஒப்புக்கொண்டால் அதிகபட்சம் 3 மாதம் வரை நீட்டலாம் என்று விதி இருக்கிறது. எழுத்து மூலம் என்பதுதான் முக்கியம். புரோக்கர் வாயால் சொன்னது எழுத்து ஆகாது.

ஏலம் வருவது எப்படி?

ஒரு காலத்தில் கடன்காரன் வீடு ஜப்தி என்றால் கோர்ட்டு அமீனா வருவார், தெருவில் தண்டோரா போடுவார்கள். கடனை வசூலிக்கக் கோர்ட்டுக்கே போக வேண்டியிருந்தது. வழக்கு முடிய வருடக்கணக்காகும்.

2002-ம் ஆண்டு வந்த "சர்பாசி" சட்டம் இதை மாற்றியது. அடமானம் வைத்த சொத்தைக் கோர்ட்டுக்குப் போகாமலே பாங்கி விற்கலாம். ஆனால் அதற்குப் படி உண்டு.

முதலில் 60 நாள் கெடு வைத்து நோட்டீசு. கடன் வாங்கியவர் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் 15 நாளில் பாங்கி பதில் சொல்ல வேண்டும். 60 நாளிலும் பணம் வராவிட்டால் வீட்டைக் கையகப்படுத்தலாம். பிறகு ஏல அறிவிப்பு. இரண்டு பத்திரிகையில் விளம்பரம் வர வேண்டும். அதில் ஒன்று அந்த ஊர் மொழிப் பத்திரிகையாக இருக்க வேண்டும்.

இப்போது ஏலம் இணையதளத்தில் நடக்கிறது. அரசுடைமை பாங்கிகளின் ஏலச் சொத்துகளை ஒரே இடத்தில் பார்க்க "பேங்க்நெட்" என்ற இணையதளம் 2025-ம் ஆண்டு ஜனவரியில் தொடங்கப்பட்டது. செல்போன் வைத்திருக்கும் யாரும் பார்க்கலாம்.

அப்படியானால் விலையும் தேதியும் விலாசமும் ஊருக்கே தெரிந்த விஷயம். "ரகசியமா எனக்கு மட்டும் வந்த லிஸ்ட்" என்று ஒரு புரோக்கர் சொன்னால் அந்த இடத்திலேயே உஷாராகிவிட வேண்டும்.

பின்னே புரோக்கர் எதற்கு?

நியாயமான கேள்வி. விளம்பரத்தில் விலை இருக்கும், சதுர அடி இருக்கும். வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்பது இருக்காது. மாடியில் ஒழுகுகிறதா, பக்கத்து வீட்டுக்காரர் சுவர்த் தகராறு பண்ணுகிறாரா, கீழ்ப் போர்ஷனில் ஐந்து லட்சம் போக்கியம் கொடுத்துவிட்டு ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கிறதா, எதுவும் இருக்காது.

பாங்கியும் கைகழுவிவிடும். "உள்ளது உள்ளபடி விற்கிறோம்" என்று ஏல நிபந்தனையில் முதலிலேயே எழுதி வைத்துவிடுவார்கள்.

அந்தத் தெருவிலேயே இருபது வருடமாக நடமாடும் புரோக்கருக்கு இவ்வளவும் தெரியும். தெரியாவிட்டாலும் இஸ்திரி வண்டிக்காரரிடமும் பால்காரரிடமும் விசாரித்து ஒரே சாயங்காலத்தில் தெரிந்துகொண்டு வந்துவிடுவார். புரோக்கரிடம் நாம் விலை கொடுத்து வாங்குவது இந்த விசாரணையைத்தான். மலிவு விலையை அல்ல!

நல்லவரா? கேட்டுப் பாருங்கள் 5 கேள்வி

ஏல வீட்டைப் பற்றிப் பேச வரும் எந்தப் புரோக்கரிடமும் முதல் சந்திப்பிலேயே இந்த ஐந்தையும் கேட்க வேண்டும்.

1. வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள்? சொந்தக்காரரா, வாடகைக்காரரா, போக்கியக்காரரா?

2. பாங்கி கையகப்படுத்தியது காகிதத்திலா, சாவியிலா? கதவில் நோட்டீசு ஒட்டியிருந்தால் அது காகிதம் மட்டுமே. உள்ளே இருப்பவரை வெளியேற்ற வேண்டும் என்றால் சென்னையில் தலைமைப் பெருநகர மாஜிஸ்திரேட்டு கோர்ட்டு மூலமும், மாவட்டங்களில் கலெக்டர் மூலமும் உத்தரவு வாங்க வேண்டி வரும். அதற்கு எத்தனை மாதம் ஆகும் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

3. கேஸ் இருக்கிறதா? பாங்கி நடவடிக்கையை எதிர்த்து 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் முறையிட வழி உண்டு. சென்னையில் இந்தத் தீர்ப்பாயம் மூன்று இருக்கின்றன.

4. பாக்கி எவ்வளவு? சொத்து வரி, தண்ணீர் வரி, அடுக்குமாடிச் சங்கப் பணம், மின்சாரக் கட்டணம். பழைய சொந்தக்காரர் வைத்த மின்சாரப் பாக்கியைக் கட்டினால்தான் புதிய இணைப்பு என்று மின்வாரியம் கேட்க விதி இருந்தால் அது செல்லும் என்று 2023-ம் ஆண்டு மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது.

5. இது எத்தனாவது தடவை ஏலம்? இரண்டு, மூன்று தடவை யாரும் எடுக்காமல் விலையைக் குறைத்திருக்கிறார்கள் என்றால், ஏன் எடுக்கவில்லை?

ஐந்துக்கும் "டக் டக்"கென்று பதில் சொல்கிறவர் நல்லவர் என்று அர்த்தம் இல்லை. "ரெண்டு விஷயம் தெரியும் சார், மூணு விஷயம் விசாரிச்சு நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லி, சொன்னபடி மறுநாள் வருகிறாரே, அவரை விட்டுவிடாதீர்கள்!

யாருக்கு ஆள்?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புரோக்கர் யாருடைய ஆள்? வாங்குபவர் ஆளா, வீட்டை இழப்பவர் ஆளா, ஏலத்தில் போட்டிக்கு நிற்கும் வேறு ஒருவர் ஆளா?

விலையில் இத்தனை சதவீதம் என்று கமிஷன் பேசினால், ஏல விலை ஏற ஏறப் புரோக்கருக்கும் வரும்படி ஏறும். "இன்னும் ஒரு அம்பதாயிரம் ஏத்திக் கேளுங்க சார்" என்று காதில் ஓதுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே ஏல வீட்டுக்கு மட்டும் சதவீதக் கணக்கு வேண்டாம். "விசாரணைக்கு இவ்வளவு, வீடு என் பேருக்கு வந்ததும் இவ்வளவு" என்று ஒரே தொகையாகப் பேசி முதலிலேயே எழுதி வைத்துக்கொள்வது இருவருக்கும் நல்லது.

முன்பணத்தை எக்காரணம் கொண்டும் புரோக்கர் கையில் கொடுக்கக் கூடாது. ஏல அறிவிப்பில் சொன்ன வழியில், உங்கள் கணக்கில் இருந்து நேராகப் போக வேண்டும். ஏல இணையதளத்தின் ரகசிய எண்ணையும், செல்போனில் வரும் ஓ.டி.பி.யையும் "எனக்குத் தெரியாது, நீங்களே போட்டுடுங்க" என்று கொடுப்பதும் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதும் ஒன்றுதான்.

"மேனேஜருக்குக் கொடுக்கணும்" என்று தனியாகப் பணம் கேட்டால்? எழுந்து வந்துவிடுங்கள். ஏல அறிவிப்பில் அதிகாரம் பெற்ற அதிகாரியின் பெயரும் டெலிபோன் நம்பரும் போட்டிருக்கும். வீட்டைப் பார்க்கவும் பத்திர நகலைப் பார்க்கவும் அவரிடம் நேரடியாகக் கேட்கலாம்.

குமாஸ்தாவின் கதை வேறு

தனியார் கம்பெனியில் குமாஸ்தா அவர். வியாசர்பாடியில் வாடகை வீடு. தினமும் மின்சார ரெயிலில் ஆபீசு போய்வருவார். அவருக்கும் வீட்டு ஆசை உண்டு. அண்ணாச்சி மாதிரி அவசரம் மட்டும் இல்லை.

ஆறு மாதம் அவர் வீடே வாங்கவில்லை. புரோக்கரைத்தான் தேடினார்!

பத்திர எழுத்தரிடம் கேட்டார். ஏற்கனவே ஏலத்தில் வாங்கிய இரண்டு பேரைத் தேடிப் பிடித்து, "உங்களுக்கு யார் முடித்துக் கொடுத்தது? பிறகு எதுவும் தொல்லை வந்ததா?" என்று விசாரித்தார். மூன்று பெயர் கிடைத்தது. மூன்று பேரையும் போய்ப் பார்த்தார்.

அதில் ஒருவர் அம்பத்தூர் பக்கம் டீக்கடை வாசலில் உட்கார்ந்திருக்கும் வயதானவர். சைக்கிளில் வருவார். ஒரு பழைய டைரி வைத்திருப்பார். முதல் நாளே குமாஸ்தா ஒளிவுமறைவு இல்லாமல் பேசினார்.

"பெரியவரே, என் கையில பன்னெண்டு லட்சம் இருக்கு. இருபத்தாறு லட்சம் வரைக்கும் லோன் தர்றதா பாங்கியில கடிதம் குடுத்திருக்காங்க. அதுக்கு மேல ஒரு ரூபா கிடையாது. ரெயில்வே ஸ்டேஷன்ல இருந்து நடக்குற தூரம் வேணும். கோர்ட்டு கேஸ் இருக்கிற வீடு வேண்டாம்."

பெரியவர் டைரியில் எழுதிக்கொண்டார். "இப்படிப் பேசுறவங்க கம்மி தம்பி. எல்லாரும் 'நல்ல வீடா இருந்தா சொல்லுங்க'ன்னு போயிடுவாங்க. பத்து வீடு காட்டினப்புறம்தான் கையில காசு இல்லேன்னு தெரியும்."

பழகிய விதம்

அதன் பிறகு குமாஸ்தா செய்தது எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள்தான்.

பெரியவர் போன் பண்ணினால் எடுத்தார். வேலையாக இருந்தால் மாலையில் திருப்பிக் கூப்பிட்டார். வீடு பார்க்க வரச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை வரை தள்ளாமல் ஆபீசு விட்டதும் நேரே போனார்.

பிடிக்காவிட்டால் "பார்க்கலாம்" என்று இழுக்கவில்லை. "படிக்கட்டு குறுகல், அம்மாவுக்கு ஏற முடியாது, வேண்டாம்" என்று காரணத்தோடு சொன்னார். அதனால் அடுத்த தடவை பெரியவர் படிக்கட்டைப் பார்த்த பிறகே கூப்பிட்டார்!

ஏழு வீடு பார்த்தும் ஒன்றும் அமையவில்லை. ஆனாலும் அலைந்ததற்கு என்று ஒவ்வொரு தடவையும் பெட்ரோலுக்கோ ஆட்டோவுக்கோ பணம் கொடுத்தார். "வாங்கினாத்தானே கமிஷன்" என்று சட்டம் பேசவில்லை. பெரியவர் காட்டிய வீட்டை அவருக்குத் தெரியாமல் நேரடியாகப் போய்ப் பேசிப் பார்க்கவும் இல்லை. இந்தத் தொழிலில் அந்தச் செய்தி மறுநாளே நகரம் பூராவும் பரவிவிடும். பிறகு எந்தப் புரோக்கரும் நல்ல வீட்டை முதலில் உங்களிடம் சொல்ல மாட்டார்.

அதே சமயம் குமாஸ்தா கண்ணை மூடிக்கொண்டும் நம்பவில்லை. பெரியவர் சொன்ன ஒவ்வொரு வீட்டுக்கும் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்த்தார். பட்டா பார்த்தார். மூலப்பத்திர நகலை வக்கீலிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டார். பெரியவரும் கோபித்துக்கொள்ளவில்லை. "பாருங்க தம்பி, பார்த்தாத்தான் எனக்கும் நிம்மதி" என்றார்.

சரிபார்ப்பதைக் கண்டு முகம் சுளிப்பவர் நல்ல புரோக்கர் அல்ல!

ஏலத்துக்கு வராத வீடு

எட்டாவது தடவை வந்த போன் வேறு மாதிரி இருந்தது.

"தம்பி, ஒரு வீடு இருக்கு. இன்னும் ஏலத்துக்கு வரலை. அறுபது நாள் நோட்டீசு மட்டும் வந்திருக்கு. அவரு லேத் பட்டறை வெச்சிருந்தவரு. தொழில் படுத்துட்டுது. வீடு ஏலத்துக்குப் போறதுக்குள்ள நல்ல விலைக்குத் தானே வித்துக் கடனைக் கட்டிடலாமான்னு பார்க்கிறாரு."

இதுதான் பழக்கத்தின் பலன். இந்த வீடு எந்த விளம்பரத்திலும் இல்லை. ஏல அறிவிப்பு வந்திருந்தால் ஊரே போட்டிக்கு நிற்கும். பட்டறைக்காரர் தெருவோடு பழகிய அந்தப் பெரியவரிடம்தான் மனம் விட்டுப் பேசினார். பெரியவருக்கு முதலில் ஞாபகம் வந்தது குமாஸ்தாவின் முகம்.

60 நாள் நோட்டீசு வந்த பிறகு பாங்கியின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் சொந்தக்காரர் வீட்டை விற்க முடியாது. இது சட்டம். ஆகவே மூன்று பேரும் பாங்கிக்குப் போனார்கள். கடன் பாக்கி ரூ.26 லட்சம் என்று பாங்கி கடிதம் கொடுத்தது. விற்பதற்குச் சம்மதக் கடிதமும் கொடுத்தது. விலை ரூ.38 லட்சம் என்று முடிவானது.

ரூ.26 லட்சம் நேராகக் கடன் கணக்குக்குப் போனது. மீதி ரூ.12 லட்சம் பட்டறைக்காரர் கைக்கு வந்தது. புரோக்கர் கை வழியாக ஒரு ரூபாய் கூடப் போகவில்லை.

கடன் முழுவதும் கட்டி முடித்தால் 30 நாளுக்குள் மூலப்பத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தாமதம் பாங்கியின் தவறால் என்றால் நாள் ஒன்றுக்கு ரூ.5 ஆயிரம் இழப்பீடு கொடுக்க வேண்டும். ரிசர்வ் பாங்கியின் இந்த உத்தரவு 2023-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி முதல் அமலில் இருக்கிறது. அடமானத்தை ரத்து செய்த ரசீதையும் மறக்காமல் பதிவு செய்து, வில்லங்கச் சான்றில் அது ஏறியிருக்கிறதா என்று பார்த்தார் குமாஸ்தா.

வீட்டை இழப்பவருக்கும் ஒரு வார்த்தை

இதைப் படிப்பவர்களில் நோட்டீசு வாங்கியவர்களும் இருக்கலாம். அவர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு.

"ஏலத்தை நான் நிறுத்துறேன், ஒரு லட்சம் கொடுங்க" என்று வரும் புரோக்கரிடம் ஏமாறாதீர்கள். ஏலத்தை நிறுத்தப் புரோக்கரால் முடியாது. தீர்ப்பாயமோ கோர்ட்டோ உத்தரவு போட வேண்டும், அல்லது பாங்கியே மனது வைக்க வேண்டும்.

கடனை அடைத்து வீட்டை மீட்கும் உரிமை ஏல அறிவிப்பு வெளியாகும் நாள் வரைக்கும்தான். "ஏலம் முடிஞ்சப்புறம் கூடப் பணம் கட்டி மீட்டுடலாம்" என்ற பழைய நம்பிக்கை இனிச் செல்லாது. 2023-ம் ஆண்டு செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே நோட்டீசை வாங்கி சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைப்பது ஆபத்து. முதல் நாளே பாங்கிக்குப் போய்ப் பேச வேண்டும்.

வீடு ஏலத்தில் போய்விட்டாலும் கடனும் செலவும் போக மிச்சம் இருந்தால் அது சொந்தக்காரருக்குச் சேர வேண்டியது. அதைக் கேட்டு வாங்க வேண்டும். விவசாய நிலத்தை இந்தச் சட்டப்படி ஏலம் விட முடியாது என்பதும் பலருக்குத் தெரியாது.

சாவி கைமாறியது

பத்திரப்பதிவு முடிந்த அன்று மாலை பட்டறைக்காரர் தானே வீட்டைத் திறந்து விட்டார். மோட்டார் ஸ்விட்ச் எங்கே, எந்தக் குழாயில் கார்ப்பரேஷன் தண்ணீர் வரும், மழைக்காலத்தில் எந்த ஜன்னலைச் சாத்த வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். வாசலில் இருந்த துளசிச் செடியை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாமா என்று அவர் மனைவி கேட்டார். குமாஸ்தாவின் அம்மா தொட்டியோடு எடுத்து ஆட்டோவில் ஏற்றிக் கொடுத்தார்.

பெரியவருக்குப் பேசியபடி கமிஷன் போய்ச் சேர்ந்தது. வேட்டி, சட்டை, வெற்றிலை பாக்குத் தட்டும் வைத்துக் கொடுத்தார் குமாஸ்தா. பெரியவர் டைரியைத் திறந்து ஒரு பெயரை அடித்தார். அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

அண்ணாச்சி? கடை இன்னும் திறந்திருக்கிறது. காலை 5 மணிக்குத் திறந்து இரவு 11 மணிக்கு மூடுகிறார். போன பணத்தைப் பற்றி யாரிடமும் பேசுவது இல்லை. ஆனால் வெள்ளைச் சட்டை போட்ட யாராவது பத்திரிகைத் துண்டோடு கடைப் பக்கம் வந்தால், தராசைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்:

"அந்த வீட்டுக்குள்ள இப்ப யாரு தம்பி இருக்காவ?"

பதில் வராவிட்டால் மறுபடியும் தராசைக் கையில் எடுத்துக்கொள்கிறார்.